ரியோவின் மூன்று வாரிசுகள்

ஒரு தொழிற்சாலை ஏன் மூடப்பட்டது என்று கேட்பவர்களுக்கு ஆயத்தமாக ஒரு பதில் கிடைத்துவிடுகிறது: சந்தையில் போட்டிபோட முடியவில்லை, அதனால் போய்விட்டது. சரக்கு விலைபோகவில்லை, பெரியவன் சின்னவனை விழுங்கினான், காலம் மாறிவிட்டது. இந்தப் பதிலில் யாருடைய முடிவும் இல்லை, யாருடைய கையெழுத்தும் இல்லை. மழை பெய்து ஓய்ந்ததைப் போல, தானாக நடந்து முடிந்த ஒன்றாகவே மூடலை அது விவரிக்கிறது. அமெரிக்க மோட்டார் தொழிலின் தொடக்க காலத்தில் பிறந்து, காரும் லாரியும் செய்து, 1975இல் கதவடைத்த ரியோ நிறுவனத்தின் வரலாற்றையும் இப்படித்தான் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஃபோர்டுக்கும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் ஈடுகொடுக்க முடியாத நடுத்தர நிறுவனம், பெருமந்தத்தில் அடிபட்டுத் தேய்ந்து மறைந்தது என்று. ஆண்டு ஆண்டாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ரியோ உருவாக்கிய ராணுவ லாரி, ரியோ போன பிறகும் வேறு ஆலைகளில் உற்பத்தியானது. ரியோவின் பங்குகளைத் தாங்கியிருந்த சட்டபூர்வமான நிறுவனம், பெயர் மாறி, இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய எஃகு உற்பத்தியாளராக இருக்கிறது. லாரி பிழைத்தது, மூலதனம் பிழைத்தது. அழிந்தது மூன்றாவது வாரிசான தொழிற்சாலையும் அதை நம்பியிருந்தவர்களின் வேலையும்தான். இதைச் சந்தையின் தீர்ப்பு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. இது உரிமையாளர்கள் எடுத்த முடிவுகளின் தொடர்; ஒவ்வொரு முடிவுக்கும் தேதி உண்டு.

ரியோ என்பது ரான்சம் ஈலை ஓல்ட்ஸ் என்பவரின் பெயரின் மூன்று ஆங்கில முதலெழுத்துகள். 1864இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்த ஓல்ட்ஸ், மிச்சிகன் மாநிலத் தலைநகரான லான்சிங்கில் தந்தையின் இயந்திரப் பட்டறையில் தொழில் கற்றவர். 1880களிலேயே நீராவியில் ஓடும் வண்டியைச் செய்து பார்த்தார். அவருடைய நீராவி வண்டி ஒன்று 1893இல் பம்பாயில் கிளை வைத்திருந்த ஒரு வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதிக்கு விற்கப்பட்ட முதல் மோட்டார் வண்டி அதுதான் என்று சொல்லப்படுவது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். பிறகு பெட்ரோல் எஞ்சினுக்கு மாறி, 1897இல் முதல் மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டில் மரத்திலும் செம்பிலும் பணம் சேர்த்த சாமுவேல் ஸ்மித் என்பவரின் முதலீட்டில் அது டெட்ராய்ட்டுக்கு விரிந்தது. 1901 மார்ச்சில் டெட்ராய்ட் ஆலை தீப்பிடித்தது. அதன் பிறகு நிறுவனம் தன் முழுக் கவனத்தையும் வைத்தது முன்பலகை வளைந்த ஒரு சிறிய வண்டியின் மேல். விலை 650 டாலர். 1901இல் 425 வண்டிகள், 1903இல் ஏறத்தாழ 4,000. எஞ்சினை ஒருவரிடமும் கியர் பெட்டியை டாட்ஜ் சகோதரர்களிடமும் வாங்கி, ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பப் பூட்டுவது என்ற முறை இங்கேதான் பெரிய அளவில் வேரூன்றியது. ஆனால் ஸ்மித்தின் மகன் பிரெடரிக்குக்குச் சிறிய வண்டியில் மதிப்பில்லை. பெரிய, விலை கூடிய காரைச் செய்ய வேண்டும் என்றார். நன்றாக விற்றுக்கொண்டிருந்த பொருளைக் கைவிடச் சொன்னவரிடம்தான் பெரும்பான்மைப் பங்கு இருந்தது. 1904 ஜனவரியில் ஓல்ட்ஸ் வெளியேறினார். அவருடைய பெயர் தாங்கிய ஓல்ட்ஸ்மொபைல் அவரில்லாமலே தொடர்ந்தது.

இந்த முதல் பிரிவிலேயே நம்முடைய கேள்வியின் முழு வடிவமும் இருக்கிறது. வாங்குபவர்கள் ஒன்றை விரும்பினார்கள், உரிமையாளர்கள் வேறொன்றை விரும்பினார்கள், முடிவெடுத்தது உரிமை. ஓல்ட்ஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டார் என்பதற்கு அடுத்து அவர் செய்ததே சான்று. அதே 1904 ஆகஸ்ட்டில் லான்சிங் நகரத்து வணிகர்கள் அவருக்காக 5 லட்சம் டாலர் மூலதனத்தில் புதிய நிறுவனம் தொடங்கினார்கள். அதில் 2,60,000 டாலருக்கான பங்குகள், அதாவது 52 சதவீதம், அவருக்கு. தலைவர் பதவியும் பொது மேலாளர் பதவியும் அவருக்கே. இரண்டாவது முறை யாரும் தன்னை வெளியேற்ற முடியாதபடி கட்டிக்கொண்டார். தன் பெயரையே நிறுவனத்துக்கு வைக்கப் பார்த்தபோது பழைய நிறுவனம் வழக்குப் போடுவதாக மிரட்டியதால், முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார். 1907இல் ரியோ ஏறத்தாழ 4,000 கார்கள் விற்று, ஃபோர்டுக்கும் ப்யூக்குக்கும் அடுத்து மூன்றாவது இடத்தில் இருந்தது. அந்த ஆண்டு மொத்த விற்பனை 45 லட்சம் டாலர். 1908இல் வில்லியம் டூரன்ட்டின் ப்யூக், ஃபோர்டு, மேக்ஸ்வெல்-பிரிஸ்கோ, ரியோ ஆகிய நான்கையும் ஒன்றாக்கும் பேச்சு நடந்தது. ஹென்றி ஃபோர்டு 30 லட்சம் டாலர் ரொக்கம் கேட்டார். அவருக்குக் கொடுத்தால் எனக்கும் அதே தொகை என்றார் ஓல்ட்ஸ். பேச்சு முறிந்தது. டூரன்ட் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கி, ஓல்ட்ஸ் விட்டு வந்த பழைய நிறுவனத்தை வாங்கிக்கொண்டார். ரியோ தனியாக நின்றது.

அதே 1908 அக்டோபரில் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 850 டாலரில் தொடங்கிய அதன் விலை 1916இல் 360 டாலராக இறங்கியபோது, சிறிய கார் சந்தையில் ரியோவுக்கு இடமில்லாமல் போனது உண்மை. இங்கே சந்தையின் பங்கை நான் மறுக்கவில்லை. 1912இல் 1,055 டாலர் விலையில் வந்த 'ரியோ தி ஃபிஃப்த்' என்ற காரைத் தன் விடைபெறும் கார் என்று ஓல்ட்ஸ் விளம்பரம் செய்தார். அதே ஆண்டு அந்தக் கார்களில் ஒன்று ஹாலிஃபாக்ஸில் புறப்பட்டு, பாதையே இல்லாத இடங்களில் ரயிலில் ஏறியும் இறங்கியும், கனடாவைக் குறுக்கே கடந்து பசிபிக் கரையை அடைந்தது. உறுதியான, நாணயமான வண்டி. ஆனால் மலிவு வண்டி அல்ல. ஃபோர்டு தொட முடியாத இடம் ஒன்று ரியோவுக்குத் தேவைப்பட்டது. அது கையிலேயே இருந்தது. 1910இல் தொடங்கிய லாரிப் பிரிவு 1915இல் 'ஸ்பீட் வேகன்' என்ற சிறிய லாரியைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து லாரிகளில் பெரும்பாலானவை கெட்டி ரப்பர் சக்கரத்தில் நடை வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஊர்ந்தன. ஸ்பீட் வேகன் காற்றடைத்த டயரில், மின்சார விளக்கோடும் பொத்தானில் கிளம்பும் எஞ்சினோடும், முக்கால் டன் சுமையை விரைவாகக் கொண்டுபோனது. பால் விநியோகம், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பள்ளி வண்டி, சிற்றூர்ப் பேருந்து என்று அதன் சட்டத்தின் மேல் பூட்டப்படாத உடலே இல்லை எனலாம். பல பதின்ம ஆண்டுகளுக்குப் பிறகு இல்லினாய் மாநிலத்து இளைஞர்கள் சிலர் தங்கள் ராக் இசைக்குழுவுக்கு அந்த லாரியின் பெயரையே வைத்தார்கள். நிறுவனத்தை மறந்த உலகத்துக்கு அந்தப் பெயர் தெரிந்திருப்பது அந்தக் குழுவால்தான்.

கார் வாங்குபவரும் லாரி வாங்குபவரும் ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை. கார் வாங்குபவர் பக்கத்து வீட்டைப் பார்க்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், இந்த ஆண்டு மாதிரியா போன ஆண்டு மாதிரியா என்று பார்க்கிறார். லாரி வாங்குபவர் ஒரு மைல் ஓட என்ன செலவு, எத்தனை ஆண்டு தாங்கும், பழுது பார்க்க எத்தனை நாள் வண்டி நிற்கும் என்று கணக்குப் போடுகிறார். ஆண்டுக்கு ஒரு புது உருவம் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லாத தொழிலில், நல்ல இயந்திர வேலை தெரிந்த நடுத்தர ஆலைக்கு நியாயமான வாழ்வு உண்டு. ரியோவிடம் அந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். இல்லாமல்போனது மேலிடத்துக் கவனம். ஓல்ட்ஸ் புல்வெட்டும் இயந்திரம் செய்யத் தனி நிறுவனம் தொடங்கினார். ஃபுளோரிடாவில் 37,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கித் தன் பெயரில் ஒரு நகரம் கட்ட முனைந்து அதில் பெரும் பணத்தை இழந்தார். 1915இல் பொது மேலாளர் பொறுப்பையும் 1923இல் தலைவர் பதவியையும் ரிச்சர்ட் ஸ்காட்டிடம் விட்டுக்கொடுத்தார். பெரும்பான்மைப் பங்கை எவ்வளவு கவனமாக முதலில் கேட்டு வாங்கினாரோ, அந்தப் பங்கு தரும் பொறுப்பை அவ்வளவு கவனமாக அவர் சுமக்கவில்லை என்பது என் கருத்து.

ஸ்காட்டின் காலத்தில் ரியோ கார் நிறுவனமாகப் பெருமை தேடியது. 1927இல் வந்த 'ஃப்ளையிங் கிளவுட்' நல்ல கார். சக்கரத்துக்கு உள்ளிருந்து விரியும் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தப்பட்ட முதல் கார் அது. 1928இல் கார் விற்பனை உச்சம் தொட்டது. அந்த உச்சத்தில் கிடைத்த பணம் போன இடம்தான் துயரமானது. எட்டு சிலிண்டர் எஞ்சின், காற்றை வழுக்கிச் செல்லும் உருவம், வடிவமைப்பாளர் ஏமஸ் நார்த்தப்பின் கைவண்ணம் என்று 1931 மாதிரியாக 'ராயல்' என்ற ஆடம்பரக் கார் வந்தது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் உருவான அழகிய கார்களில் அது ஒன்று. ஆனால் 1929இல் 44 லட்சத்துக்கு மேல் இருந்த அமெரிக்கக் கார் உற்பத்தி 1932இல் 11 லட்சமாகச் சரிந்த காலம் அது. வேலையிழந்தோர் வரிசையில் நின்ற நாட்டில் ஆடம்பரக் காருக்கான அச்சுகளிலும் கருவிகளிலும் முதலீடு முடங்கியது. பெரிய கார்தான் மரியாதை என்ற நம்பிக்கையை எதிர்த்துத்தான் 1904இல் ஓல்ட்ஸ் வெளியேறினார். அவர் தொடங்கிய நிறுவனமே இருபத்தேழு ஆண்டு கழித்து அதே நம்பிக்கைக்குப் பலியானது. 1933 இறுதியில் முதியவர் ஓல்ட்ஸ் திரும்பிவந்து பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே விலகினார். கிளட்ச் மிதிப்பதைக் குறைக்கும் தானியங்கி கியர் அமைப்பையும் ரியோ முயன்று பார்த்தது. 1936இல் கார் உற்பத்தி நின்றது. லாரி நிற்கவில்லை.

இந்த இடத்தில் எழும் முதல் மறுப்பு தொழிலாளர் பற்றியது. 1937 மார்ச்சில் ரியோ தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து ஏறத்தாழ ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சங்கம்தான் கழுத்தை நெரித்தது என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வாதம் காலவரிசையிலேயே நொறுங்கிவிடுகிறது. நட்டம் தொடங்கியது பெருமந்தத்தில். கார் நின்றது 1936இல். வேலைநிறுத்தம் அதற்குப் பிறகு. ரியோ தன் ஆட்களை மோசமாக நடத்திய நிறுவனமும் அல்ல. 1917இல் அவர்களுக்காகப் பெரிய மன்றக் கட்டடம் கட்டியது; நாடகம், சினிமா, இசைக்குழு, தொழிலாளர் இதழ், வானொலி நிலையம் என்று ஒரு குடும்பத்தைப்போல் நடத்தப் பார்த்தது. அப்பாவும் மகனும் அண்ணனும் தம்பியும் ஒரே ஆலையில் வேலைசெய்த ஊர் அது. அந்தக் குடும்ப ஏற்பாட்டில் தொழிலாளிக்குக் கிடைக்காதது ஒன்றுதான்: நிறுவனத்தின் போக்கைப் பற்றிப் பேசும் இடம். ராயல் காரில் பணத்தைப் போடலாமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த முதலீடு முடங்கியபோது வேலை போனது அவர்களுக்கு. 1937 வேலைநிறுத்தத்தை அந்தக் கேள்வியின் பின்னணியில்தான் படிக்க வேண்டும். சங்கம் வந்த பிறகும் அதே ஆலை அதே தொழிலாளர்களோடு நாற்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக லாரி செய்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படிச் செய்ய முடிந்ததற்கு அரசு தலையிட்டது ஒரு முக்கியக் காரணம். நீதிமன்ற மேற்பார்வையில் நிறுவனம் மறுகட்டமைக்கப்பட்டது. பெருமந்தக் காலத்தில் அமெரிக்க அரசு நிறுவிய மறுசீரமைப்பு நிதிக் கழகம் கடன் கொடுத்தது. ரியோ மோட்டார்ஸ் என்ற பெயரில் லாரி மட்டும் செய்யும் நிறுவனமாக அது எழுந்தது. இரண்டாம் உலகப்போரில் ஸ்டூட்பேக்கர் வடிவமைத்த ஆறு சக்கர ராணுவ லாரியை ஏறத்தாழ 22,000 எண்ணிக்கையில் ரியோ செய்துகொடுத்தது. சோவியத் படைகள் பெர்லின் நோக்கிப் போனபோது பீரங்கி இழுத்ததும் ராக்கெட் சுமந்ததும் இந்த வகை லாரிகள்தான். போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் இரண்டரை டன் லாரிக்குப் புதிய வடிவம் கேட்டபோது ரியோ தன் பொறியாளர்களைக் கொண்டு உருவாக்கியது எம்-35 என்று பின்னாளில் உலகம் அறிந்த லாரி. ஆறு சக்கரத்துக்கும் விசை போகும். சேறு, ஆற்றுப்படுகை, பனி எதிலும் ஓடும். அதை ரியோ மட்டும் செய்யவில்லை. ஸ்டூட்பேக்கர், கைசர்-ஜீப், ஏ.எம். ஜெனரல் என்று ஒருவர்பின் ஒருவராக ஒப்பந்தம் பெற்று 1980களின் இறுதிவரை அதே அடிப்படை வடிவத்தைச் செய்தார்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் முதுகெலும்பாக ஓடியது அதுதான். 1990களில் பழைய வண்டிகளைப் பிரித்துப் புதுப்பித்து மேலும் ஓட்டினார்கள். லான்சிங்கில் 1950ஐ ஒட்டி வரைந்த வடிவம், லான்சிங் ஆலை இடிந்த பிறகும் உலகின் பல ராணுவங்களில் வேலைசெய்தது. வாங்குபவர் கைவிட்ட பொருளின் வரலாறு இப்படி இருக்காது.

ராணுவ ஒப்பந்தம் சந்தையாகாது, அரசு வாங்குவதை நிறுத்தினால் ஆலை படுத்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. கொரியப் போர் 1953இல் ஓய்ந்ததும் ராணுவக் கொள்முதல் சுருங்கியது. அது ரியோவைப் பாதித்தது. ஆனால் கனரக லாரித் தொழிலின் அமைப்பைப் பார்த்தால் அந்த அடி மரண அடியாக இருந்திருக்க வேண்டியதில்லை. கார்த் தொழிலில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் செய்பவன்தான் விலையைத் தீர்மானிப்பான். கனரக லாரியில் அப்படி இல்லை. டீசல் எஞ்சின் கம்மின்ஸிடமிருந்தும் கியர் பெட்டி ஃபுல்லரிடமிருந்தும் அச்சு டிம்கெனிடமிருந்தும் வரும். வாங்குபவரின் சுமைக்கும் சாலைக்கும் ஏற்ப அவற்றைச் சேர்த்துப் பூட்டிக் கொடுப்பதுதான் லாரி நிறுவனத்தின் திறமை. அதனால்தான் 1923இல் பெயர்பெற்ற கென்வொர்த்தும் 1939இல் தொடங்கிய பீட்டர்பில்ட்டும் ஒரு தாய் நிறுவனத்தின் கீழ் இன்றுவரை செழிக்கின்றன. விஸ்கான்சின் மாநிலத்தில் 1917இல் பிறந்த ஆஷ்காஷ், ரியோவைவிடச் சிறியதாக இருந்தது. பொறுமையாக ராணுவத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் பனி அள்ளும் வேலைக்கும் வண்டி செய்து இன்று பெரிய நிறுவனமாகியிருக்கிறது. ரியோ இவர்களைவிட ஒரு படி மேலே, 'கோல்ட் காமெட்' என்ற சொந்த எஞ்சினைக்கூடச் செய்துகொண்டிருந்தது. அளவு சிறியது என்பதால் ஒரு லாரி நிறுவனம் சாகத்தான் வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

1954இல் நடந்தது இதுதான். ரியோவின் உரிமையாளர்கள் ஆலையை, லாரித் தொழிலோடு, டெட்ராய்ட்டைச் சேர்ந்த போன் அலுமினியம் அண்ட் பிராஸ் நிறுவனத்துக்கு விற்றார்கள். கையில் பணமும், தொழில் எதுவும் இல்லாத ஒரு நிறுவனப் பெயரும் மிஞ்சின. அந்தப் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக்கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வது நிர்வாகத்தின் திட்டம். பங்குதாரர்களில் ஒரு பிரிவினர் தடுத்தார்கள். அவர்கள் கண்டுகொண்டது ஒரு வரிச் சலுகையை. ஒரு நிறுவனத்துக்கு நட்டம் ஏற்பட்டிருந்தால், வருங்காலத்தில் அதே நிறுவனம் ஈட்டும் இலாபத்தில் அந்த நட்டத்தைக் கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறது அமெரிக்க வருமான வரிச் சட்டம். நிறுவனம் கலைந்தால் நட்டத்தின் இந்த மதிப்பும் கலையும். எனவே கலைக்காதீர்கள், இந்தக் கூட்டுக்குள் வேறொரு தொழிலைக் கொண்டுவந்து வையுங்கள் என்று வாக்கு திரட்டி வென்றார்கள். 1955இல் நியூக்ளியர் கன்சல்டன்ட்ஸ் என்ற மிகச் சிறிய அணு ஆலோசனை நிறுவனம் உள்ளே கொண்டுவரப்பட்டது. ரியோ மோட்டார்ஸ், நியூக்ளியர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா ஆனது. இந்த மோதலின் இரு தரப்பையும் பாருங்கள். ஒரு தரப்பு பணத்தைப் பிரிக்கச் சொன்னது, மறு தரப்பு நட்டத்தைப் பயன்படுத்தச் சொன்னது. லான்சிங்கில் லாரி செய்வதைப் பற்றி இரு தரப்புக்கும் பேச எதுவும் இல்லை. ஐம்பது ஆண்டு உழைப்பில் சேர்ந்த திறமைக்கு அந்தக் கூட்டத்தில் மதிப்பே இல்லை. அது பட்ட நட்டத்துக்கு மதிப்பு இருந்தது.

மிக வலுவான மறுப்பு இங்கேதான் வருகிறது. அந்த அணு நிறுவனம் பல தொழில்களில் கைவைத்து, 1962இல் வல்கிராஃப்ட் என்ற எஃகு உத்தரம் செய்யும் நிறுவனத்தை வாங்கியது; 1965இல் கென் ஐவர்சன் தலைவரானார்; பழைய இரும்பை மின் உலையில் உருக்கி எஃகு செய்யும் முறையில் இறங்கி, 1972இல் நியூகார் என்று பெயர் மாற்றி, அமெரிக்க எஃகுத் தொழிலையே புரட்டிப்போட்டது. பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. மந்த காலத்தில்கூட ஆட்குறைப்பைத் தவிர்ப்பதைக் கொள்கையாக வைத்திருக்கும் நிறுவனம் அது. மூலதனத்தை விருப்பம்போல் நகரவிட்டதால்தானே இந்த நன்மை விளைந்தது, லான்சிங் இழந்ததைச் சிறு ஊர்கள் பல பெற்றனவே என்று கேட்கலாம். நியூகாரின் சாதனையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் 1955இல் வாக்கு திரட்டியவர்கள் எஃகைக் கனவிலும் நினைக்கவில்லை. அவர்கள் போன பாதை பத்தே ஆண்டில், 1965இல், அந்த நிறுவனத்தைத் திவாலின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. காப்பாற்றியது ஐவர்சனும், தெற்கு கரோலினாவில் உத்தரம் பற்றவைத்துக்கொண்டிருந்த வல்கிராஃப்ட் ஆட்களும். அதாவது மறுபடியும் ஒரு வேலையை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த மனிதர்கள். நியூகாரின் வரலாறு என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது: தொழில் தெரிந்தவர்களை நம்பி, அவர்களைத் தக்கவைத்துப் பொறுமை காட்டிய உரிமை வென்றது.

ஆலையின் மிச்சக் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1957இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த வைட் மோட்டார் நிறுவனம் ரியோவை வாங்கியது. அடுத்த ஆண்டு டயமண்ட்-டி என்ற சிகாகோ லாரி நிறுவனத்தையும் வாங்கி, அதன் உற்பத்தியை லான்சிங்குக்குக் கொண்டுவந்தது. 1967இல் இரண்டு பெயர்களையும் ஒட்டி டயமண்ட் ரியோ என்றாக்கியது; 1971இல் ஒரு தனி முதலீட்டாளருக்கு விற்றுக் கையைக் கழுவியது. நான்கே ஆண்டில், எண்ணெய் நெருக்கடிக்குப் பின் லாரி விற்பனை படுத்திருந்த 1975இல், திவால். இருபத்தோரு ஆண்டில் மூன்று முறை கை மாறிய ஆலை எந்த ஐந்தாண்டுத் திட்டத்தைப் போட்டிருக்க முடியும்? புதிய எஞ்சினுக்கும் புதிய கருவிகளுக்கும் யார் பணம் போட்டிருப்பார்கள்? ஒவ்வொரு புது உரிமையாளரும் அடுத்தவருக்கு விற்கும் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1975இன் சந்தை நிலவரம் கடுமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டயமண்ட் ரியோ என்ற பெயரையும் ஒரு மாதிரியின் உரிமையையும் வாங்கிய பென்சில்வேனியா நிறுவனம் ஒன்று, சிறிய குழுவோடு அந்த லாரியைப் பிறகும் பல ஆண்டு செய்து விற்றது. லான்சிங் ஆலையை 1978இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 1980 வாக்கில் இடித்தார்கள்.

எப்படியும் போயிருக்கும், சில ஆண்டு முன்பின், அவ்வளவுதானே என்பது கடைசி மறுப்பு. போயிருக்கலாம். ரியோ இன்றும் இருந்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. நான் சொல்வது, அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது சட்டம் நிர்ணயிக்கும் விஷயம், அதைச் சட்டம் வேறுவிதமாகவும் நிர்ணயிக்க முடியும் என்பது. இதற்குச் சான்று கற்பனையில் தேட வேண்டியதில்லை. 1963 டிசம்பரில் ஸ்டூட்பேக்கர் தன் சவுத் பெண்ட் ஆலையை மூடியபோது, ஏறத்தாழ 4,000 தொழிலாளர்கள் தங்களுக்குச் சேரவேண்டிய ஓய்வூதியத்தில் 15 சதவீதம் மட்டுமே பெற்றார்கள். அதுவும் சந்தையின் தீர்ப்பு என்றுதான் அன்று சொன்னார்கள். அந்த அநீதி எழுப்பிய விவாதம் 1974இல் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டமாக முடிந்தது. பெரிய ஆலையை மூடுமுன் 60 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1988இல் வந்தது. டயமண்ட் ரியோ மூடியபோது அதுகூட இல்லை. லான்சிங் ஆலையை விற்ற அதே 1950களில், மேற்கு ஜெர்மனி 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நிறுவன மேற்பார்வைக் குழுக்களில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு ஒதுக்கியது. ஜெர்மன் ஆலைகள் எல்லாம் பிழைத்துவிடவில்லை. ஆனால் அங்கே ஆலை விற்பனை பேசப்படும் மேசையில், அந்த ஆலை என்ன செய்ய வல்லது என்று தெரிந்தவர் ஒருவராவது உட்கார்ந்திருந்தார்.

அமெரிக்காவிலேயே அத்தகைய மேசை ஒருமுறை போடப்பட்டது. 1930களின் இறுதியில் திவால் நீதிமன்றத்தில் ரியோ நின்றபோது, கடன் கொடுத்த அரசுக் கழகம் ஆலை தொடர்ந்து ஓடுமா என்ற கேள்வியைக் கேட்கும் நிலையில் இருந்தது. ஆலை ஓடியது, போருக்கு லாரி கொடுத்தது, வாங்கிய கடனைவிட மேலான பலனை நாட்டுக்குத் திருப்பியது. 1954இல் அதே அமெரிக்க அரசு ரியோவின் முக்கிய வாடிக்கையாளர். ராணுவத்துக்கு அடுத்த நாற்பது ஆண்டு உழைக்கப்போகும் லாரி அந்த ஆலையில்தான் உருவாகியிருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ப்பது அரசின் கையில் இருந்தது: மக்கள் பணத்தில் வளர்ந்த இந்தத் திறமையை விற்பதாக இருந்தால், நகரத்தோடும் தொழிலாளர் சங்கத்தோடும் பேசிய பிறகே விற்க வேண்டும் என்று. எழுபது ஆண்டுக்குப் பிறகும் பல நாட்டு அரசுகள் மோட்டார் ஆலைகளுக்கு நிலமும் வரிச் சலுகையும் கொள்முதல் ஒப்பந்தமும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கையெழுத்திடும் நாளில் அந்த நிபந்தனையை எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை அந்த அரசுகளுக்கும், அவற்றுக்கு வரி கட்டுபவர்களுக்கும் இருக்கிறது.